6,000 மீட்டர் இறங்க வேண்டிய வாகனத்தைத் துறைமுகத்தில் ஏன் சோதிக்கிறார்கள்?

மனிதர் ஏறிச் செல்லும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் வாகனத்தைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. 2025 தொடக்கத்தில், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம் வந்தது. மூன்று பேர் உட்காரும் டைட்டானியக் கோளம், 6,000 மீட்டர் ஆழம், 12 மணி நேரப் பயணம் என்று திட்டமிட்ட ஒரு வாகனத்தை ஆழம் குறைந்த துறைமுகத் தண்ணீரில் முக்கி எடுத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நிறையவே தெரிந்துகொள்ளலாம். குழப்பத்துக்குக் காரணம், இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான். வாகனம் நசுங்காமல் தாங்குமா என்பது ஒன்று. தண்ணீருக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்னொன்று. 2023 ஜூனில், டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் கலம் நசுங்கி ஐந்து பேர் இறந்த பிறகு, ஆழ்கடல் வாகனம் என்றாலே முதல் கேள்விதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. வாகனம் எவ்வளவு வேகத்தில் இறங்கும், நேராகப் போகுமா, சுக்கானைத் திருப்பினால் எந்தப் பக்கம் திரும்பும், நிறுத்தினால் நிற்குமா? இதையெல்லாம் கடலில் இறக்கும் முன்பே கணிக்க வேண்டும். இந்தக் கணிப்புகளில் சில மிக உறுதியானவை, சில இன்றைக்கும் தடுமாறுபவை.

## அழுத்தம் ஓட்டத்தை மாற்றுவதில்லை

6,000 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தைப் போல ஏறக்குறைய 600 மடங்கு. ஆனால் அது எல்லாப் பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக அழுத்துகிறது. வாகனத்தை இழுப்பதும் திருப்புவதும் முன்னுக்கும் பின்னுக்கும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான். அந்த வித்தியாசம் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது அல்ல.

ஆழத்தோடு மாறுவது இரண்டு. ஒன்று, அடர்த்தி. தண்ணீர் சுருங்காது என்று பள்ளியில் படித்திருப்போம். 6,000 மீட்டரில் அது சுருங்கத்தான் செய்கிறது, வங்காள விரிகுடாவின் மேற்பரப்பைவிட அங்கே அடர்த்தி சுமார் 3 சதவீதம் அதிகம். இரண்டாவது, பாகுத்தன்மை, அதாவது தண்ணீர் தன் மேல் தானே வழுக்குவதற்குக் காட்டும் எதிர்ப்பு. இதற்கு அழுத்தத்தைவிடக் குளிர்தான் காரணம். மேலே 29 பாகை செல்சியஸ், அடியில் 2 பாகை என்றால் பாகுத்தன்மை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது.

இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே நகர்வு சம்பந்தமான பெரும்பாலான விடைகளைத் துறைமுகத்திலேயே பெற முடியும். எடை சரியாக இருக்கிறதா, சாயாமல் நிற்கிறதா, உந்திகள் எதிர்பார்த்த பக்கம் தள்ளுகின்றனவா என்பதை அங்கே தெரிந்துகொள்ளாமல் நடுக்கடலுக்குப் போவதுதான் அபாயம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. துறைமுகத்தில் தரையும் சுவரும் நீர்மட்டமும் பக்கத்திலேயே இருக்கின்றன, மூன்றுமே ஓட்டத்தை மாற்றும். அங்கே அளந்த எண்ணைத் திருத்தாமல் ஆழ்கடலுக்குப் பொருத்தக் கூடாது.

## எந்தெந்த விசைகளைக் கணிக்க வேண்டும்?

தண்ணீருக்குள் வாகனம் ஆறு விதமாக நகரலாம். முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று. உருளுதல், மூக்கு ஏறி இறங்குதல், இடம் வலமாகத் திரும்புதல் என்று இன்னும் மூன்று. ஒவ்வொன்றிலும் செயல்படும் விசைகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. எடையும் மிதப்பும். நின்றாலும் நகர்ந்தாலும் இருப்பவை.
2. கூடுதல் நிறை. வாகனம் வேகத்தை மாற்றும்போது சுற்றியுள்ள நீரையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் வருவது.
3. இழுவை. ஓடும் திசைக்கு எதிராக நீர் இழுப்பது.
4. தூக்குவிசை. உடலோ துடுப்போ ஓட்டத்துக்குச் சாய்வாக இருக்கும்போது, ஓட்டத்துக்குக் குறுக்கே வருவது.
5. உந்திகளும் சுக்கான்களும் தருவது. நம் கையில் இருப்பது இது மட்டும்தான்.

ஒவ்வொரு விசையையும் ஒரு கெழுவால் குறிப்பார்கள். கெழு என்பது இந்த வடிவத்துக்கு இந்த வேகத்தில் இவ்வளவு விசை என்று சொல்லும் எண். நீர்மூழ்கிகளுக்கான பொதுச் சமன்பாடுகளை அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் 1967-ல் தொகுத்தது. இன்று கல்லூரி மாணவர்கள் எழுதும் சிமுலேஷன்களிலும் அவற்றின் சாயல் தெரியும். சமன்பாடுகளில் பெரிய சர்ச்சை இல்லை, தகராறு எல்லாம் அவற்றில் போட வேண்டிய பல பத்துக் கெழுக்களின் மதிப்புகளில்தான்.

## எடையும் மிதப்பும்: எளிது, ஆனால் வங்காள விரிகுடாவில் அல்ல

ஆர்க்கிமிடிஸ் சொன்னதைத் தாண்டி இங்கே புதிதாக எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தண்ணீரில் எடை சரிபார்த்தோம் என்பது முக்கியம். மழைக்காலத்துக்குப் பிறகு கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் வங்காள விரிகுடாவின் மேல்தண்ணீர் உப்புக் குறைந்து லேசாகிவிடுகிறது. அரபிக்கடல் அதைவிட உப்பு அதிகம். இரண்டுக்கும் கன மீட்டருக்கு 4 கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 25 டன் வாகனத்துக்கு அது 100 கிலோ. ஓர் இடத்தில் கச்சிதமாக மிதந்த வாகனம் இன்னோர் இடத்தில் மூழ்கும், அல்லது இறங்க மறுக்கும்.

ஆழத்தில் 3 சதவீத அடர்த்தி மாற்றம் என்பது அதே 25 டன்னுக்கு முக்கால் டன் மிதப்பு. வாகனமும் அழுத்தத்தில் சுருங்கும், ஆனால் ஆழ்கடல் வாகனங்களின் கோளமும் மிதப்புப் பொருளும் பொதுவாகத் தண்ணீரைவிடக் குறைவாகவே சுருங்குகின்றன. ஆகவே கீழே போகப் போக வாகனம் லேசாகிறது, இறங்கும் வேகமும் குறைகிறது. எவ்வளவு இரும்பு எடையைக் கட்டி அனுப்புவது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

## கூடுதல் நிறை: கூடவே நகரும் தண்ணீர்

காற்றில் நகரும் கார் சுற்றியுள்ள காற்றையும் தள்ளிக்கொண்டுதான் போகிறது. காற்று லேசானது என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. நீருக்குள் இருக்கும் வாகனமோ கிட்டத்தட்டத் தன்னைச் சூழ்ந்த நீரின் அடர்த்தியே கொண்டது. அதனால் அது கூட இழுத்துச் செல்லும் நீரின் நிறையும் அதன் சொந்த நிறைக்கு ஈடாக இருக்கலாம்.

கோளத்துக்கு இதன் அளவு துல்லியமாகத் தெரியும், அது இடம்பெயர்க்கும் நீரில் சரிபாதி. 2.1 மீட்டர் விட்டமுள்ள கோளம் சுமார் 5 டன் நீரை இடம்பெயர்க்கும். ஆக 2.5 டன் கூடுதல் நிறை. அது போக, ஆழ்கடல் வாகனத்தின் வெளிக்கூட்டுக்குள் நீர் புகுந்து நிரம்பியிருக்கும். அந்த நீரும் வாகனத்தோடுதான் வேகமெடுக்க வேண்டும், நிற்க வேண்டும். தராசில் நிறுத்தால் தெரியாத இந்த டன்கள், உந்தியை நிறுத்திய பிறகும் வாகனம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் தெரியும்.

நீளமான வடிவங்களுக்கு நிலைமை இன்னும் விசித்திரம், ஏனென்றால் கூடுதல் நிறை திசைக்குத் திசை மாறும். ரீமஸ் என்ற சின்ன ஆளில்லா நீர்மூழ்கியை எடுத்துக்கொள்வோம். டார்ப்பிடோ வடிவம், நீளம் 1.33 மீட்டர், விட்டம் 19 சென்டிமீட்டர், நிறை 30.5 கிலோ. 2001-ல் வெளிவந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றில் இதன் கெழுக்கள் முழுமையாகக் கொடுக்கப்பட்டன. உலகம் முழுக்க மாணவர்கள் இன்றும் அந்த எண்களை வைத்துத்தான் பழகுகிறார்கள். அதன்படி, நேராக முன்னோக்கிப் போகும்போது கூடுதல் நிறை 0.93 கிலோ. பக்கவாட்டில் தள்ளினால் 35.5 கிலோ, வாகனத்தின் சொந்த நிறையைவிட அதிகம்.

இந்த வித்தியாசத்திலிருந்து ஒரு பெரிய விளைவு வருகிறது. சற்றே சாய்வாக ஓடும் நீளமான உடலை, நீர் மேலும் குறுக்காகத் திருப்பவே பார்க்கும். 1920-களில் ஆகாயக் கப்பல்களை ஆராய்ந்த மாக்ஸ் முங்க் இதைக் கணக்காக எழுதினார், அதனால் முங்க் திருப்புவிசை என்றே பெயர். அதன் அளவு மிக எளிது: பக்கவாட்டுக் கூடுதல் நிறையிலிருந்து முன்னோக்குக் கூடுதல் நிறையைக் கழித்து, முன்னோக்கு வேகத்தாலும் பக்கவாட்டு வேகத்தாலும் பெருக்கினால் போதும். ரீமஸ் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போகும்போது மூக்கு 5 பாகை மேலே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு நெடுக்காக வேகம் 1.49, குறுக்காக 0.13. நிறைகளின் வித்தியாசம் 34.6. பெருக்கினால் சுமார் 6.8 நியூட்டன் மீட்டர், அதுவும் மூக்கை மேலும் மேலே தள்ளும் பக்கமாக.

இதை எதிர்த்து நிற்பது என்ன? எடையின் மையம் மிதப்பின் மையத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருப்பதால், சாய்ந்த வாகனம் தானாக நிமிரப் பார்க்கும். 5 பாகைச் சாய்வில் அந்த நிமிர்த்தும் திருப்புவிசை 0.5 நியூட்டன் மீட்டர்தான். பதின்மூன்றில் ஒரு பங்கு. வாலருகே நீர் உடலோடு முழுதாக ஒட்டி ஓடாததால் நிஜத்தில் முங்க் திருப்புவிசை இந்தக் கணக்கைவிடக் குறையும். அப்படிக் குறைந்தும்கூட நிமிர்த்தும் விசையால் அதைச் சமாளிக்க முடியாது. வால்துடுப்புகள் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். அவை வாகனத்தைத் திருப்புவதற்கு முன்னால், திரும்பிவிடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

அப்படியானால் துடுப்பைப் பெரிதாகவே வைத்துவிடலாமே? வைத்தால் வாகனம் நேராகப் போகும், திரும்பத்தான் மறுக்கும். இழுவையும் கூடும், கப்பலிலிருந்து இறக்கும்போது முட்டி உடையும். ஆகவே வடிவமைப்பாளர்கள் முங்க் திருப்புவிசையின் பெரும்பகுதியை மட்டும் துடுப்பால் ஈடுகட்டி, மிச்சத்தை வாகனம் திரும்பும்போது நீர் தரும் எதிர்ப்புக்கு விட்டுவிடுகிறார்கள். இந்தச் சமநிலை மெல்லியது. பக்கவாட்டுக் கெழுவையோ துடுப்பின் தூக்குவிசையையோ கொஞ்சம் தப்பாகக் கணித்தால், நேராகப் போக வேண்டிய வாகனம் பாம்பு போல நெளியத் தொடங்கும். நேர்கோட்டு இழுவையை ஒரு சதவீதத்துக்குக் கணித்துவிட்டோம் என்று பெருமைப்படும் அறிக்கைகளைவிட, இந்தச் சமநிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய அறிக்கைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

## இழுவை: ஒரு எண் தப்பினால் எத்தனை நிமிடம்?

இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு, தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. பேட்டரியில் ஓடும் எந்த வாகனத்துக்கும் இது உயிர்நாடி.

ஆழ்கடல் வாகனம் இறங்குவதைப் பாருங்கள். உந்தியை ஓட்டி அது இறங்குவதில்லை, கட்டிய எடையால் தானாக இறங்குகிறது. மிதப்பை மிஞ்சும் எடையும் இழுவையும் சமமாகும் வேகத்தில் இறக்கம் நிலைகொள்ளும். நொடிக்கு அரை மீட்டர் என்றால் 6,000 மீட்டருக்கு 12,000 நொடி, அதாவது 3 மணி 20 நிமிடம். உண்மையான இழுவைக் கெழு நாம் கணித்ததைவிட 20 சதவீதம் அதிகம் என்று வையுங்கள். வேகம் வர்க்கமூலத்தில்தான் மாறும் என்பதால் இறங்கும் நேரம் சுமார் 10 சதவீதம், அதாவது 19 நிமிடம் கூடுகிறது. ஏறும்போதும் அதே அளவு. 12 மணி நேரப் பயணத்தில் இப்படி 40 நிமிடம் போனால், அது கடலடியில் வேலை செய்யும் நேரத்திலிருந்துதான் கழியும்.

வடிவம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஜேம்ஸ் கேமரூன் 2012 மார்ச்சில் மரியானா அகழிக்குப் போன டீப்சீ சேலஞ்சர் நல்ல உதாரணம். அதைச் செங்குத்தாக நிற்கும் நீண்ட கலமாக வடிவமைத்தார்கள். 10,900 மீட்டருக்கு மேல் இறங்க அதற்கு 2 மணி 36 நிமிடம் ஆனது, சராசரி வேகம் நொடிக்கு 1.1 மீட்டருக்கு மேல். படுத்திருக்கும் வாகனத்துக்கு அந்த வேகம் கிடைக்காது. அதற்கு ஈடாக, செங்குத்துக் கலம் கடலடியில் பக்கவாட்டில் நகர்வதில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இழுவைக் கெழு வடிவமைப்பு முடிந்த நாளோடு நிலைத்துவிடுவதும் இல்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்யூ27 என்ற கிளைடர், அதாவது மிதப்பை மாற்றி மாற்றி நீருக்குள் சறுக்கிச் செல்லும் ஆளில்லா வாகனம், 2009-ல் நியூஜெர்சியிலிருந்து ஸ்பெயின் வரை 221 நாள் அட்லாண்டிக்கைக் கடந்தது. இந்த வகை வாகனம் நொடிக்குக் கால் மீட்டர் அளவிலேயே நகரும். வழியில் உடம்பெங்கும் கொட்டலசு ஒட்டி வளர, அசோரஸ் தீவுகள் பக்கம் ஆட்கள் போய்ச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நம் வெப்பமண்டலக் கடலில் இந்த ஒட்டுயிர்கள் இன்னும் வேகமாக வளரும்.

## எண்களைப் பெற நான்கு வழிகள்

1. சூத்திரங்கள். நீள்கோளம், உருளை போன்ற வடிவங்களுக்குக் கூடுதல் நிறையைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். வாகனத்தைத் துண்டு துண்டாக வெட்டியதாகக் கொண்டு ஒவ்வொரு துண்டின் பங்கையும் கூட்டும் முறையும் உண்டு. உராய்வுக்குக் கப்பல் கட்டுவோர் 1957-ல் ஏற்றுக்கொண்ட பொதுச் சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே நாளில் முடியும் வேலை இது. கூடுதல் நிறைக்கு இந்த வழியே பெரும்பாலும் போதும். இழுவைக்குப் போதாது, ஏனென்றால் ஆன்டெனா, கொக்கி, கேமரா, விளக்கு என்று வெளியே துருத்தும் எதையும் சூத்திரம் பார்ப்பதில்லை.

2. இழுவைத் தொட்டி. மாதிரியை நீண்ட தொட்டியில் இழுத்து விசையை அளப்பது. வில்லியம் ஃப்ரூட் 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கீயில் கட்டிய தொட்டியிலிருந்து வந்த மரபு. சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையிலும், விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆராய்ச்சிக்கான டிஆர்டிஓ கூடத்திலும் இப்படிப்பட்ட தொட்டிகள் இருக்கின்றன. மாதிரியை நேராக இழுத்தால் இழுவை மட்டும் கிடைக்கும். மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இழுக்கும் கருவியில் கட்டினால் கூடுதல் நிறையும் திருப்புவிசைகளும் சேர்ந்து கிடைக்கும்.

3. கணினியில் ஓட்டத்தைத் தீர்ப்பது. சிஎஃப்டி என்று சொல்வது இதைத்தான். சுற்றியுள்ள நீரைக் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுவது.

4. கடலிலேயே ஓட்டிப் பார்த்து, பதிவான நகர்விலிருந்து கெழுக்களைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது.

இதில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் அதிகம் பேசப்படுபவை, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவையும் அவைதான்.

## மாதிரி பொய் சொல்லும் இடம்

தொட்டியில் இழுக்கும் சிறிய மாதிரியும் கடலில் போகும் வாகனமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டுமானால் ரெனால்ட்ஸ் எண் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளத்தை வேகத்தால் பெருக்கி, நீரின் பாகுத்தன்மையால் வகுத்தால் வருவது அந்த எண். நீளம் 70 மீட்டர், வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் ஒரு நீர்மூழ்கிக்கு அது 70 கோடி. இருபதில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால், அதே எண்ணை எட்ட நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். எந்தத் தொட்டியிலும் முடியாது.

எண் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கோளமே காட்டிவிட்டது. 1912-ல், ஈபிள் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபிள் காற்றுச் சுரங்கத்தில் ஒரு கோளத்தின் இழுவையை அளந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் அளந்ததைவிட அது பாதிக்கும் குறைவாக வந்தது. யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இரண்டு அளவுகளுமே சரி என்று 1914-ல் கோட்டிங்கனைச் சேர்ந்த லுட்விக் பிராண்டல் விளக்கினார். கோளத்தை ஒட்டி ஓடும் மெல்லிய எல்லைப்படலம் அமைதியாக இருந்தால் சீக்கிரமே பிரிந்துபோய், பின்னால் அகலமான சுழல் விழும். அது கொந்தளிப்பாக மாறிவிட்டால் மேற்பரப்பில் அதிக தூரம் ஒட்டியிருக்கும், சுழல் சுருங்கும், இழுவை விழும். பிராண்டல் கோளத்தின் முன்பக்கத்தில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை மாட்டி வேண்டுமென்றே கொந்தளிப்பை உண்டாக்கினார், இழுவை குறைந்தது.

வழவழப்பான கோளத்துக்கு இந்த மாற்றம் ரெனால்ட்ஸ் எண் 3 லட்சத்தை ஒட்டி நிகழ்கிறது. 2 மீட்டர் கோளம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்கினால், மேலே எண் 10 லட்சத்துக்கு மேல், குளிர்ந்த ஆழத்தில் 6 லட்சம். இரண்டுமே குறைந்த இழுவைப் பக்கம். அதன் பத்தில் ஒரு பங்கு மாதிரியை அதே வேகத்தில் தொட்டியில் இழுத்தால் எண் 1 லட்சம், அதிக இழுவைப் பக்கம். நேர்மையாக அளந்து, இரண்டு மடங்குக்கு மேல் தப்பான விடையோடு வீட்டுக்குப் போகலாம். நிஜ வாகனம் வெறும் கோளம் அல்ல, சட்டங்களும் கூர்மையான விளிம்புகளும் உள்ளது. விளிம்பில் ஓட்டம் எப்படியும் பிரியும் என்பதால் இந்தத் திடீர் மாற்றம் அதில் மட்டுப்படும். ஆனாலும் மாதிரியின் மூக்கருகே கம்பியோ மணலோ ஒட்டும் வழக்கம் இன்று எல்லாத் தொட்டிகளிலும் இருக்கிறது.

## கணினிக்குத் தெரியாதது

மேற்பரப்பை ஒட்டிய எல்லைப்படலத்தைச் சரியாகப் பிடிக்க, முதல் கட்டத்தின் தடிமன் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். ரீமஸ் அளவுள்ள வாகனத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 15 மைக்ரான் வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 1.33 மீட்டர் உடலைச் சுற்றி இந்த நுணுக்கத்தில் தொடங்கி வெளியே போகப் போகப் பெரிதாகும் கட்டங்களை அடுக்குவதிலேயே ஒரு பொறியாளரின் பாதி நேரம் போய்விடும்.

அவ்வளவு செய்தும், கொந்தளிப்பின் ஒவ்வொரு சுழலையும் கணினி தீர்ப்பதில்லை. சராசரி ஓட்டத்தை மட்டும் தீர்த்து, சுழல்களின் விளைவை ஒரு தோராயச் சூத்திரத்தால் நிரப்புகிறது. கொந்தளிப்பு மாதிரி என்று அதைச் சொல்வார்கள். நீர் உடலை ஒட்டி ஓடும்வரை இந்தத் தோராயம் நன்றாக வேலை செய்யும். நீர் பிரிந்து சுருளத் தொடங்கும்போது, எந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

இதைச் சோதிக்கப் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா சப்ஆஃப் என்ற நீர்மூழ்கி வடிவத்தை வெளியிட்டது. மாதிரியின் நீளம் 4.356 மீட்டர், விட்டம் 0.508 மீட்டர். உண்மையான நீர்மூழ்கிகளின் வடிவங்கள் ரகசியம் என்பதால், யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்த்து அளவீட்டோடு ஒப்பிடத் தக்க வடிவம் இது. இதை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு போக்கு தெரியும். நேராகப் போகும்போது உள்ள இழுவை சில சதவீதத்துக்குள் பிடிபடுகிறது. சாய்வு கூடக் கூட, குறிப்பாகத் திருப்புவிசைகளில், பிழை வளர்கிறது. சிமுலேஷன் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு செய்தி சொன்னால், எந்தக் கோணத்தில் என்று கேட்பது நியாயமான கேள்வி.

## கணிப்பு தடுமாறும் மூன்று நிலைகள்

முதலாவது, கூர்மையான திருப்பம். சாய்வாக ஓடும் உடலின் மறுபக்கத்தில் இரண்டு நீண்ட சுழல்கள் சுருண்டு வால்வரை நீளும். நீர்மூழ்கியின் முதுகில் நிற்கும் கோபுரமும் திருப்பத்தில் ஒரு செங்குத்து இறக்கை மாதிரி வேலை செய்து கப்பலை உருட்டிவிடும். அந்தக் கோபுரம் உண்டாக்கும் சுழலோட்டம் வாலைக் கீழே அழுத்தும். இடம் வலமாகத் திரும்பச் சொன்ன கப்பல் ஆழத்தையும் மாற்றிக்கொள்ளும். வேகம் அதிகமாக இருந்தால் இது சில நொடிகளில் நடந்துவிடும்.

இரண்டாவது, மிக மெதுவான ஓட்டம். மேலே ஏற வால்துடுப்பைத் திருப்பினால், துடுப்பு வாலைக் கீழே தள்ளும், மூக்கு மேலேறும், மேலேறிய உடலில் தூக்குவிசை வந்து கப்பல் ஏறும். வேகம் குறைவாக இருந்தால் மூக்கை ஏற விடாமல் எடைச் சமநிலை பிடித்துக்கொள்கிறது. துடுப்பு கீழே தள்ளும் விசை மட்டும் மிஞ்சுகிறது. ஏறச் சொன்ன கப்பல் இறங்குகிறது. பல நீர்மூழ்கிகளுக்கு இந்தத் தலைகீழ் நிலை 2, 3 நாட் (நொடிக்கு 1 முதல் 1.5 மீட்டர்) வேகத்தில் வரும். அந்த வேகம் சரியாக எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் தானியங்கிக் கட்டுப்பாட்டை எழுதினால், அது எதிர்த்திசையில் மேலும் மேலும் துடுப்பைத் திருப்பிக்கொண்டே போகும்.

மூன்றாவது, நீர்மட்டத்துக்கு அருகில். அலையின் ஆட்டம் ஆழத்தோடு வேகமாகத் தேயும். அலைநீளத்தில் பாதி ஆழத்தில் 4 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் 10 நொடிக்கு ஒரு முறை வரும் பெருங்கடல் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர், ஆகவே அதன் பாதி என்பது 78 மீட்டர் ஆழம். அதற்கு மேலே இருக்கும்போதெல்லாம் அலை வாகனத்தை ஆட்டும், மேல்நோக்கி உறிஞ்சவும் செய்யும். சாகர் நிதி போன்ற தாய்க்கப்பலிலிருந்து இறக்கி ஏற்றும் நேரம் முழுப் பயணத்திலும் கவலைக்குரிய கட்டமாக இருப்பது இதனால்தான்.

## கடலடியில் வேலை தொடங்கும்போது

நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில், தரைக்கு ஒரு மீட்டர் மேலே நின்றபடி ரோபோக் கையால் ஒரு கனிமக் கட்டியை எடுக்கும்போது மேலே சொன்ன கெழு அட்டவணைகளில் பாதி உதவாது. கீழ்நோக்கி உந்தியை ஓட்டினால் பீய்ச்சும் நீர் தரையில் மோதித் திரும்பி வாகனத்தையே தூக்கும், சேற்றைக் கிளப்பிக் கேமராவை மறைக்கும். பக்கத்துப் பக்கத்து உந்திகள் ஒன்றின் நீரோட்டத்தை மற்றொன்று உறிஞ்சி, தனித்தனியாக அளந்தபோது தந்த விசையைத் தராது. கை நீண்டால் எடை மையம் நகரும், இழுவையும் மாறும்.

இந்த நிலைக்கெல்லாம் தனித்தனியாகக் கணிப்பது வீண் முயற்சி. ஒவ்வொரு கெழுவும் இவ்வளவு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்பைத்தான் நீரியக்கக் குழு கொடுக்கிறது. கட்டுப்பாட்டுக் குழு அந்த வரம்பின் இரண்டு ஓரங்களிலும் வாகனத்தைக் கணினியில் ஓட்டி, எங்கேயும் தள்ளாடாத அளவுக்குக் கட்டுப்பாட்டை மெதுவாக்கி வைக்கிறது. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் உந்திகளுக்குப் போன மின்சாரம், சாய்வு, வேகம் எல்லாவற்றையும் கணக்கோடு ஒப்பிட்டு வரம்பைச் சுருக்குவார்கள். வரம்பு சுருங்கச் சுருங்கத்தான் அடுத்த இறக்கத்தில் வாகனத்தைத் தரைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோக அனுமதி கிடைக்கும்.